லோனாவைப் பிழைக்க வைத்த கதை

அண்ணன் மகள் போன வாரம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஆறு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், புது அட்டையோடு. "அத்தே, இது படிச்சிட்டுண்டோ? எங்க க்ளாஸ்ல எல்லார் கையிலயும் இதான்." படித்திருக்கிறேன் என்றால், கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று பார்ப்பாள். ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன். பசை வாசனை. அதற்கு மேல் போகத் துணிவு வரவில்லை.

அந்தக் காலத்தில் இதே புத்தகங்கள் என்னிடமும் இருந்தன, நடைபாதையில் வாங்கிய பிரதிகள். இரண்டு தடவை திறந்தால் தாள் கையோடு வந்துவிடும். அவற்றை ஒட்ட, நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் உறை ஒட்டும் பசையைத் திருடியிருக்கிறேன். ரிப்போர்ட் தட்டச்சு செய்வது என் வேலை. கரமனை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், காலை முழுக்க ஊராரின் ஈரலையும் நுரையீரலையும் தட்டிவிட்டு, மத்தியானம் தயிர்சாதத்தோடு அந்தக் கதைக்குள் போய் விழுவேன். முப்பதை நெருங்கும் பெண் பதினாறு வயதுக்காரர்களுக்கு எழுதியதைப் படிக்கலாமா என்று கேட்காதீர்கள். படித்தேன்.

ஒரு துறைமுக நகரம். கட்டடங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில், யார் கண்ணிலும் படாமல் இன்னொரு கூட்டம் வாழ்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு மட்டும் அவர்கள் தெரிகிறார்கள். முதல் இரண்டு பாகங்களைச் சோறு தண்ணி மறந்து படித்தேன். மூன்றாவதில் அவள் ராஜ வம்சம் என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. போதாததற்கு இரண்டு பையன்கள் அவளுக்காக மாறி மாறிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. திட்டிக்கொண்டே படித்தேன்.

படித்ததையெல்லாம் செல்வியிடம் சொல்லுவேன். எங்கள் சென்டரில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். படிப்பெல்லாம் மலையாளத்தில், ஆங்கிலத்தோடு சண்டை. ஆட்கள் முன்னால் என்னை மலையாளத்தில் 'சேச்சி' என்பாள், பின்படிக்கட்டில் சாப்பிட உட்கார்ந்தால் 'அக்கா'. கதாநாயகி மேல் அவளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. இடுக்கு ஜனங்களுக்கு அடுப்பு மூட்டித் தருகிற லோனா என்றொருத்தி மூலையில் வருவாள். "அந்தப் புள்ள கெடக்கட்டும்க்கா. லோனா என்ன செஞ்சா, அதச் சொல்லுங்க."

மூன்றாம் பாகத்தின் கடைசியில் லோனா செத்துப்போகிறாள். நாயகி அழ வேண்டுமே, அதற்காக. அழுது முடித்த அடுத்த அத்தியாயத்திலேயே நாயகிக்கு முத்தம்! புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். மறுநாள் செல்வி சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டபோது, சொல்ல வாய் வரவில்லை. "காயம் பட்டுடுத்து. கொழப்பமில்ல, பொழைச்சுண்டுட்டா" என்றேன்.

'கொழப்பமில்ல' எங்கள் சென்டர் கவுண்டரில் சொல்லும் வார்த்தை, பயப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களிடம் உள்ளே இருப்பதை நாங்கள் சொல்லக் கூடாது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்வார். விடாமல் கேட்பவர்களைக் 'கொழப்பமில்ல' என்று அனுப்பிப் பழகியிருந்தேன். நான்காம், ஐந்தாம் பாகங்கள் முழுக்க லோனாவை நானே நடத்தினேன். பாலம் தாண்ட வைத்தேன், ஒரு சாப்பாட்டுக் கடைகூட வைத்துக் கொடுத்தேன். என் கற்பனையை நினைத்து எனக்கே கர்வம்.

அதற்கிடையில் செல்வியின் அப்பா இருமலோடு மலையிறங்கி வந்து, எங்களிடமே நெஞ்சு ஸ்கேன் எடுத்துக்கொண்டார். ரிப்போர்ட்டை அடித்தது நான். ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியும், நல்லதாக ஒன்றுமில்லை. உறையை வாங்கும்போது செல்வி, "என்னக்கா போட்டிருக்கு?" என்றாள்.

"கொழப்பமில்லடி. அடுத்த தடவை வரச்சே டாக்டர்ட்ட காட்டினாப் போறும்."

பெரியவர் என்னைக் கும்பிட்டுவிட்டு மலையேறினார். என் பேச்சை நம்பி உறையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம், பின்படிக்கட்டில் செல்வி மூன்றாம் பாகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் லீவில் இருந்தபோது என் மேஜையிலிருந்து எடுத்து, போனில் அகராதி பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறாள். தானே படித்து என்னை அசத்த வேண்டும் என்று ஆசையாம்.

"லோனா செத்துட்டாளேக்கா."

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதாண்டி…"

அவள் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடினாள். பிறகு மெதுவாக, "அப்ப எங்கப்பா ரிப்போர்ட்டு?" என்றாள்.

நான் தயிர்சாதத்தைப் பிசையத் தொடங்கினேன். பாத்திரத்தை மூடாமல் எழுந்து போனாள்.

அப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிய பெரியாஸ்பத்திரியில், நோய் முற்றி நாள் கடந்துவிட்டது என்றார்களாம். இதுகூட அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் காரியம் முடிந்து ஒரு வாரம் மட்டும் வேலைக்கு வந்தாள். "சேச்சி, ரிப்போர்ட் ஆயோ?" ரிப்போர்ட் தயாரா என்று கேட்பதோடு பேச்சு சரி, அதுவும் மலையாளத்தில். பின்படிக்கட்டுக்கு வரவேயில்லை. அப்புறம் வேலைக்கும் வரவில்லை.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பின்படிக்கட்டை இடித்துவிட்டார்கள். ஒரு முறை போனக்காட்டு மலையடிவாரத்தில் பஸ் இறங்கி, டீக்கடையில் செல்வியின் குடும்பம் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளைப் பற்றி விசாரித்தேன். "அவிடெ இப்போ ஆருமில்லா" என்றார் கடைக்காரர். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

லோனாவைக் கொன்றதற்காக அந்த எழுத்தாளரை எத்தனை திட்டியிருப்பேன்! அவர் செத்தவளைச் செத்தாள் என்றுதான் எழுதியிருக்கிறார். நான் பாவி, அதைக்கூடச் செய்யவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் செல்வியின் அப்பா பிழைத்திருப்பாரா? இத்தனை வருஷத்தில் எத்தனையோ டாக்டர்களோடு வேலை பார்த்துவிட்டேன், ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு என்னிடம் பொய் சொல்லிவிடுவார்கள்.