வேனுக்குள் கணினியை ஓடவைத்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்காவின் தம்பி என்னைக் கைப்பேசியில் அழைத்தபோது, ஒரு பனியன் கம்பெனி வாசலில் என் வேனுக்குள் அமர்ந்து, குழந்தைச் சட்டையின் கழுத்து வளைவைத் திரையில் வரைந்துகொண்டிருந்தேன். "அக்கா போயிருச்சுங்க" என்றார். மாரடைப்பாம். சரிங்க என்று சொல்லிவிட்டு, வளைவை வரைந்து முடித்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

அக்கா பல்லடத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் பேட்டர்ன் மாஸ்டர். துணி வெட்டுவதற்கான வடிவங்களைக் கணினியில் வரைந்து காகிதத்தில் அச்சிட்டுத் தருபவள். வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டபோது, சின்னத் தையல் யூனிட்டுகளின் வாசலுக்கே போய் வரைந்து கொடுக்கலாம் என்று ஒரு பழைய வேனை வாங்கினேன். வண்டிக்குள் கணினி என்றதும் ஒர்க்‌ஷாப்புகளில் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்கும்" என்றார்.

பெரிய இன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தினார். பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை அது வீட்டு மின்சாரமாக மாற்றும். கணினி அதில் ஓடும். ஓடவும் செய்தது. ஆனால் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அணைந்துவிடும். சாமளாபுரத்தில் ஒருநாள், பாதி வரைந்திருந்த வடிவம் அப்படி அழிந்தது; கூடவே ஒயர் கருகும் வாசனை. கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வேனை விற்றுவிட்டு மறுபடி எங்காவது வேலைக்குப் போய்விடலாம் என்றும் தோன்றியது.

அக்கா பஸ் ஏறி வந்தார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள் நிற்க, "தப்பு என்னுதுங்க அம்மிணி. எவ்வளவு வேணும்னு அளக்காம மாட்டீட்டேன்" என்றார். பழியைக் கணினிமேல் போட்டிருந்தாலும் நான் நம்பியிருப்பேன்.

மறுநாள், ஓட்டத்தில் வைத்தே சோதித்துப் பார்க்க, கொமரலிங்கம் வரை என்னோடு வந்தார். மடியில் வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்ததில் நாங்கள் போகிறோமா, அவை வருகின்றனவா என்று தெரியாத ஒரு மயக்கம். அவ்வப்போது வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மீட்டரில் எண் பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கி ஏறியது. அந்த இறக்கத்தில்தான் இன்வெர்ட்டர் கைவிடுகிறது என்று கண்டுபிடித்தார்.

"பன்னெண்டை எரநூத்தி முப்பதா ஏத்தறோம். கம்ப்யூட்டர் அதைத் திரும்பப் பன்னெண்டா எறக்கிக்குது. இந்த ஏத்தமும் எறக்கமும் எதுக்குங்க?"

ஆற்றோரம் நெல்வயல்கள் பச்சையாகக் கிடந்தன. சோதனை முடிந்த பிறகும் அக்கா வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போகலாமா என்று கேட்டார். அத்தனை வண்டிகளுக்கு ஒயர் இழுத்தவர், ஒன்றிலும் ஊர்சுற்றப் போனதில்லையாம். அமராவதி அணை வரை போனோம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டுமே என்று அங்கே அக்கா மணியைப் பார்த்தார்.

பிறகு அவர் தேர்ந்தெடுத்தது, பேட்டரியிலிருந்தே நேராகக் கணினிக்கு மின்சாரம் தரும் உள்ளங்கையளவு பவர் சப்ளை. ஆறு வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது கைவிடாது. வடிவங்களை அச்சிடும் பிளாட்டருக்கு மட்டும், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் சின்ன இன்வெர்ட்டர். தடித்த ஒயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி உறுமியது. திரையில் பாதி வரைந்திருந்த சட்டை அசையாமல் இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த வேன்தான் என் பிழைப்பு.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துச் சாலையில் அக்கா ஒயர் இழுத்த வண்டிகள் வரிசையாக நின்றன. பள்ளி பஸ், தண்ணீர் லாரி, ஐஸ்கிரீம் வண்டி, என் வேன். பெட்டியைத் தூக்கி வரும்போது யாரோ முன்விளக்கைப் போட்டார். ஒருவர் பின் ஒருவராக நாங்களும் போட்டோம். மதிய வெயிலில் அந்த வெளிச்சம் சரியாகத் தெரியக்கூட இல்லை. அதற்கு நடுவே அக்கா போனார்.

போய் வாருங்கள் அக்கா. தூரம் அதிகமென்றாலும், இந்த முறை நீங்கள் திரும்பும் நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.