என் பொண்டாட்டி ஓட்டுற சைக்கிள்

சைக்கிள் கடைக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை காலையில போன் அடிச்சா ஈரக்குலை நடுங்கும். இப்ப காரைக்குடியில டாக்டர், வக்கீல், பேங்க்காரர்னு ஒரு கூட்டமே விடியக்காலையில சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிருது. பாதிக்கு மேல நான் ஃபிட்டிங் பண்ணுன வண்டி. யாருக்கு எங்க எது கழண்டாலும் முதல் போன் எனக்குத்தான். பஸ் டிரைவரைக் கட்டிக்கிட்டவுக, கரண்ட் கம்பத்துல ஏறுற பிள்ளையப் பெத்தவுக, உங்களுக்கெல்லாம் இந்தப் பயம் தெரியும். எனக்கு அது ரெட்டிப்பு. அந்தக் கூட்டத்துல என் பொண்டாட்டி செல்வியும் ஒரு ஆளு. சர்க்கரை இருக்கு, உடம்பை அசைக்கணும்னு டாக்டர் சொன்னாருன்னு நானேதான் ஒரு வண்டிய மாட்டிக் குடுத்தேன். அப்புறம் அவளை நிறுத்த முடியலை.

பக்தி முத்திப்போச்சு

லெட்சுமணன் அண்ணே பேங்க்ல வேலை பார்க்குறவுக. இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததே அவுகதான். ஆயுத பூசைக்கு மறுநாள் நாச்சியாபுரம் போற வழியில வேலிக்கருவைக்குள்ள போய் விழுந்துட்டாக. ரெண்டு பிரேக்கும் பிடிக்கலையாம். கேபிள் அந்துபோச்சோ, நான்தான் சரியா முடுக்கலையோன்னு பதறிக்கிட்டு ஓடுனேன். போய் வண்டியப் பார்த்தா, பிரேக் பிடிக்கிற வட்டத் தகடு ரெண்டும் மினுமினுங்குது. பூசைக்குச் சந்தனம், குங்குமம் வச்சதோட விடாம, தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒரு இடம் பாக்கியில்லாமத் துடைச்சிருக்காக. எண்ணெய் பட்டா வழுக்கும்ணே, எதுக்க ஒரு லாரி வந்திருந்தா என்னாயிருக்கும்னு கேட்டேன். கையில ஏறுன முள்ளைப் பிடுங்கிக்கிட்டே சொன்னாக: “சாமிக்கு முன்னால வண்டி அழுக்கா நிக்கக் கூடாதுல்ல தம்பி.”

கண்டனூர் ரோட்டுல குத்துவிளக்கு

நான் பயந்த போன் ஒரு முகூர்த்த நாளன்னைக்கு வந்துச்சு. “செல்வி விழுந்துருச்சு, கண்டனூர் ரோட்டுக்கு வாங்க”ன்னு சொல்லிட்டு லெட்சுமணன் அண்ணே வச்சுட்டாக. திருப்பி அடிச்சா எடுக்கலை. பைக்கை எடுத்துக்கிட்டுப் போறேன், வழி நெடுக பிள்ளையாரக் கூப்பிட்டுக்கிட்டே போறேன். தூரத்துல பார்த்தா ரோட்டோரமா ஒரு குத்துவிளக்கு நிக்குது. அதைச் சுத்தி நம்ம ஆளுக தலையைக் குனிஞ்சு நிக்கிறாக. அய்யோ, தலைமாட்டுல விளக்கு வச்சுட்டாகளேன்னு நெனைச்சேன். பைக்கைக் கீழ போட்டுட்டு அங்கேயே உக்காந்துட்டேன்.

அண்ணே ஓடி வந்து தூக்குனாக. முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் முறிஞ்சு செல்வி குப்புற விழுந்திருக்கா. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டுத் தவிச்சு நிக்கிறப்ப, கல்யாணச் சீர் ஏத்திக்கிட்டு ஒரு வேன் வந்திருக்கு. பொண்ணைப் பெத்த ஆச்சியே அதுல இருந்திருக்காக. யாரும் கேட்குறதுக்கு முன்னாடியே அண்டா, தவலை, விளக்குன்னு அத்தனையையும் ரோட்டுல இறக்கச் சொல்லி, செல்விய மடியில சாச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாக. நம்ம ஆளுகதான் சீருக்குக் காவல். அப்புறம் ஆளுக்கொரு பாத்திரமா ஹேண்டில்ல மாட்டிக்கிட்டுப் போய் கல்யாண வீட்டுல சேர்த்தாகளாம். ஆஸ்பத்திரி வாசல்ல ஆச்சியப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். அவுக பட்டுச்சேலையெல்லாம் ரத்தம். அவுகதான் சொன்னாக: “பிள்ளை உங்களைத்தான் கேட்டுக்கிட்டே வந்துச்சு. உள்ள போங்க தம்பி, அழுத முகத்தோட போகாதீக.”

பெயிண்டுக்கு உள்ள

செல்விக்குத் தோள்பக்கக் காறை எலும்பு முறிஞ்சிருந்துச்சு, முன்பல்லு ரெண்டு போயிருந்துச்சு. உயிருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த ஃபோர்க்கைக் கையில எடுத்தேன். வெளிய பளபளன்னு பெயிண்டு. உள்ள, ஹேண்டில் தண்டு சேர்ற இடத்துல வெல்டு பாதிதான் ஏறியிருக்கு. செஞ்ச இடத்துல இருந்தே அப்படித்தான் வந்திருக்கு. மாட்டுன எனக்குத் தெரிய வழியில்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. நாலு வசவு வஞ்சிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அப்பத்தான் உறைச்சுச்சு, அதே லோடுல வந்த ஃபோர்க் இன்னும் சில வண்டிகள்ல கிடக்கு. எல்லாருக்கும் போன் போட்டு, யாரும் ஏறாதீக, உருட்டிக்கிட்டே கடைக்கு வாங்கன்னேன். உருட்டிக்கிட்டே வந்தாக. டாக்டரும் வக்கீலும் கடை வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்து, நான் சொல்லச் சொல்ல ஆளுக்கொரு வண்டியக் கழட்டுனாக. ஒவ்வொரு ஃபோர்க்கா வெளிய வர்றப்பவும் வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லெட்சுமணன் அண்ணே வண்டியில வெல்டு ஓரமா மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அவுக அதை விரலால தடவிப் பார்த்தாக. “நாளைக்கு ஒக்கூர் வரைக்கும் போகலாம்னு இருந்தேன் தம்பி.”

சீட்டைப் பிடிச்ச கை

எலும்பு கூடி, பல்லும் கட்டின பிறகு செல்வி வண்டியக் கேட்டா. நான் அதைப் பூட்டிச் சாவிய அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சிருந்தேன். சோறு வடிக்கிறவ அவதான்கிறது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. சாவியக் கொண்டாந்து என் முன்னால வச்சுட்டு, “விழுந்தா சாவேன்னு பயப்படுறீக. உக்காந்தே இருந்தா சர்க்கரையில சாவேனே, அது பரவாயில்லையா? எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு காலைப் பொழுதுதான்”னா. வேற ஃபோர்க் வாங்கி மாட்டினேன். முடுக்கினேன், கழட்டினேன், மறுபடி முடுக்கினேன்.

ஞாயித்துக்கிழமை விடியுறப்ப மொத்தக் கூட்டமும் எங்க வீட்டு வாசல்ல நிக்குது. அவளுக்கு முன்னால பாதிப் பேரு, பின்னால பாதிப் பேரு. வழக்கமாப் பறக்குற ஆளுக, இன்னைக்குச் செல்வி போற வேகம்தான் எங்க வேகம்னுட்டாக. அவ ஏறி உக்காந்தா. பிரேக்கை ரெண்டு மூணு தடவை பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தா. அவளுக்கும் பயம்தான், வெளிய காட்டலை. ஒரு மிதி மிதிச்சா, வண்டி நகரலை. திரும்பிப் பார்த்தா: “ஏங்க, சீட்டை விடுங்க. நீங்க பிடிச்சுக்கிட்டே நின்னா நான் எப்படிப் போறது?”

அவ திரும்பி வந்து சேர்ற வரைக்கும், பின்சக்கரம் பஞ்சர்னு வந்தவரோட முன்சக்கரத்தைக் கழட்டி ஓட்டையத் தேடிக்கிட்டு இருந்தேன்னா, எத்தனை வருசத் தொழிலா இருந்தா என்ன, பொண்டாட்டி ரோட்டுல இருக்கிறப்ப நானும் கத்துக்குட்டிதான்.