கியர்பாக்ஸை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

காட்டாக்கடை சந்தைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நேற்று கியர் ஆயிலைத் திறந்துவிட்டிருந்தார்கள். அழுகிய வெங்காயம் மாதிரி ஒரு வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்த, எனக்கு மட்டும் கைகள் பரபரத்தன. மரச்சீனிக் கிழங்கு வாங்க வந்ததே மறந்துபோயிற்று.

இதே வாடையை நான் முதலில் முகர்ந்தது கல்யாணமான புதிதில். நான் கோட்டுகால் கடற்கரைக் கத்தோலிக்கக்காரி; வீட்டுக்காரர் காரோட்டில் மிஷன் சபைக் குடும்பம். அதனாலேயே மாமியார் என்னோடு பேசமாட்டார். இவரோ பெயர் சொல்லக் கூசி, "இஞ்ச பாரு" என்றே காலம் தள்ளினார். ஒரு பழைய கார் இருந்தது. கிளச் தேய்ந்து, ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி நகராது. ஒரு ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காரிலேயே போய் இறங்க வேண்டுமென்று இவருக்கு வீம்பு. அன்று காலை மாமியார் ஆராதனைக்குப் போனதும், தானே சரிசெய்ய முற்றத்தில் வண்டியைக் கல்மேல் ஏற்றிவிட்டார்.

கிளச்சைத் தொடவேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கியர் கம்பி இருந்த ஓட்டை வழியே கயிறு விட்டு அதைக் கட்டினார். காருக்குள் குறுக்கே போட்ட கடப்பாரையில் கயிற்றைச் சுற்றி, என்னை உள்ளே உட்காரவைத்து நுனியை என் கையில் தந்தார்.

"மெள்ள மெள்ள விடணும், கேட்டியா?" என்று அடியில் நுழைந்தார்.

போல்ட்டெல்லாம் கழன்றும் பெட்டி அசையவில்லை. ஓங்கி இழுத்தார். கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. கீழே ஒரு முனகல். பெட்டி அவர் நெஞ்சின்மேல் விழுந்திருந்தது.

கத்தினேன். அக்கம்பக்கமெல்லாம் சபையில். ஆளைக் கூப்பிட ஓடலாமென்றால் கயிற்றை விட வேண்டும். காலை ஊன்றி இழுத்தேன். பெட்டி ஒரு சாண் எழுந்திருக்கும். கயிற்றைப் பாரையில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் பிடிச்சிருக்கேன். வெளிய வாருங்க!"

"விட்டிராத மக்கா... விட்டிராத."

மக்கா! அந்த நேரத்திலும் அவர் செல்லமாய்க் கூப்பிட்டது காதில் விழுந்து, வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

நெஞ்செல்லாம் எண்ணெயாக ஊர்ந்து வந்தார். விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது, திருவிழா போயிற்று. திரும்பி வந்த மாமியார் மகனைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னை.

"கையக் காட்டுட்டி, பாக்கட்டு" என்றார்.

அந்த வீடும் முற்றமும் பைபாஸுக்குப் போய்விட்டன. கோட்டுகாலுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ரோட்டைக் காட்டி "நம்ம முற்றம் இதாக்கும்" என்பேன். "இல்ல, அங்க பின்னால போச்சு" என்பார் இவர். தீர்மானம் ஆவதற்குள் பஸ் வெகுதூரம் வந்துவிடுகிறது.