மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை

நோயாளியின் அறைக்குள் போனால் லைல் ஹாகன் நின்றபடி பேசமாட்டான். தோளில் தொங்கும் மடக்கு ஸ்டூலை விரித்து, உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் உட்காரும் ஸ்டூல் அது. டுலூத் நகரில் நானும் அவனும் குடும்ப மருத்துவப் பயிற்சியில் இருந்த மூன்று வருஷமும் இந்தப் பழக்கத்தை அவன் விடவில்லை.

"உட்காந்து பேசினா சுகர் குறைஞ்சிடுமா ஹாகன்?" என்று சீனியர்கள் கிண்டல் செய்வார்கள்.

"குறையாது. ஆனா கேக் தின்னதை ஒத்துக்குவாங்க."

ஸ்டூல் அவனுடைய அண்ணனுடையது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட அண்ணன். "அவன் பேச வந்தப்பல்லாம் நாங்க எங்கேயாவது கிளம்பிட்டிருந்தோம், நீமி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். அவனுக்கு மனநல மருத்துவராக வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஆனால் அந்த வருஷம் அவனுக்குக் கிடைத்தது குடும்ப மருத்துவ இடம்தான். சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான்.

முதல் வருஷத்தில் ஒரு மாதம் மினியாபொலிஸில் மனநலப் பிரிவில் வேலை பார்த்தான். அங்கே பயிற்சித் தலைவர் டாக்டர் ஷூல்மனுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. வசந்தத்தில் ஒரு நாள் போன் செய்தார். எங்கள் ஓய்வறையில் நானும் இருந்தேன். அவர் குரல் சத்தமாகவே கேட்டது.

"லைல், ஒரு பையன் விலகிட்டான். ஜூலைல நீ வந்துடு."

"ஐயோ, எனக்காக நீங்க சிரமப்பட வேண்டாம் டாக்டர்."

"சிரமம் ஒண்ணும் இல்ல. இடம் காலியா இருக்கு. வர்றியா?"

"என்னைவிடத் தேவையா இருக்கறவங்க யாராவது இருப்பாங்க..."

"சரி. நேர்மையா சொன்னதுக்கு நன்றி" என்று வைத்துவிட்டார்.

லைல் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் ஒரு துண்டு கேக்கைக்கூட முதல் தடவை நீட்டியதும் யாரும் எடுப்பதில்லை. இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று கை நீட்டுவோம். கேட்பவருக்கும் இது தெரியும். ஆனால் ஷூல்மன் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர்.

"மறுபடி கேப்பாங்க" என்றான் லைல்.

"மடையா, அவங்க நியூயார்க்காரங்க. நீ வேண்டாம்னா வேண்டாம்னுதான் எடுத்துக்குவாங்க. இப்பவே கூப்பிடு."

"வேண்டாம்னு சொல்லிட்டு உடனே கேட்டா, அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

நாலைந்து நாள் கழித்துத்தான் கூப்பிட்டான். அதற்குள் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. ஷூல்மன் திகைத்துப்போனார். "வேணும்னா வேணும்னு சொல்லவேண்டியதுதானே? பரவால்ல, அடுத்த வருஷம் வா. உனக்காக வச்சிருக்கேன்" என்றார். அன்று முழுக்க லைல் விசிலடித்துக்கொண்டே திரிந்தான்.

அடுத்த நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவனை நேர்காணலுக்கு அழைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவனுக்கு இருபத்துநாலு மணி நேர டியூட்டி. மறுநாள் விடியலில் அரசு அனுமதிக்கும் மான் வேட்டைக் காலம் ஆரம்பம். சுரங்கத்தில் லாரி ஓட்டிய என் அப்பாவோடு சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் தவறாமல் நான் போகிற விடியல் அது. அந்த டியூட்டியை நான் எடுத்துக்கொண்டேன். எங்களுக்குள் டியூட்டி மாற்றிக்கொள்வது சகஜம். வாங்கியதைத் திருப்பித் தருவதில் லைலை மிஞ்ச ஆளில்லை. நாம் கேட்கும் முன்பே தந்துவிடுவான்.

"பாக்கி எழுதிக்கோ நீமி. அடுத்த மான் சீசன் உன்னோடது."

"முதல்ல சீட்டை வாங்கிட்டு வா. இந்தத் தடவை முதல் கேள்விக்கே சரின்னு சொல்லு."

சொல்லியிருக்கிறான். நேர்காணலும் நன்றாகத்தான் போனது. இரண்டு வாரம் கழித்து ஷூல்மன் போன் செய்தார். இம்முறை குரல் தணிந்திருந்ததால் லைல்தான் எனக்குச் சொன்னான்.

ஒரு டாக்டரைப் பயிற்றுவிக்க அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குப் பணம் தருகிறது. எத்தனை வருஷத்துக்கு முழுப் பணம் என்பது அவர் முதலில் எந்தத் துறையில் சேர்கிறாரோ அதை வைத்து முடிவாகிவிடும். குடும்ப மருத்துவம் என்றால் மூன்று வருஷம். நடுவில் துறை மாறினாலும் அந்தக் கணக்கு மாறாது. மூன்று தாண்டினால் கிடைப்பது குறைந்துபோகும். மனநலப் பயிற்சியை முடிக்க லைலுக்கு இன்னும் மூன்று வருஷம் வேண்டும். வரும் ஜூலையில் சேர்ந்தால் முழுப் பணம் மிச்சமிருப்பது ஒரே வருஷத்துக்கு. போன ஜூலையில் போயிருந்தால் இரண்டு வருஷம் மிச்சம் இருந்திருக்கும். குறையும் ஒரு வருஷத்தை எப்படியாவது ஈடுகட்டியிருப்போம், இரண்டு வருஷத்துக்கு நிர்வாகம் சம்மதிக்கவில்லை என்றாராம் ஷூல்மன்.

"அவங்க அழுதாங்க நீமி. நான்தான், சிரமப்படாதீங்கன்னு சொன்னேன்" என்றான் லைல்.

இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீடுகளில் கல்லூரிக்குப் போன முதல் ஆட்கள் நாங்கள். அப்பாவோ அம்மாவோ டாக்டராக இருக்கும் வீடுகளில் இதெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே பேசுவார்களோ? தெரிந்திருந்தால் அந்த வசந்தத்தில் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி "வர்றான்" என்று நானே சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான்.

மூன்றாம் வருஷத்தையும் முடித்துவிட்டு லைல் அவன் ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் சேர்ந்தான். அங்கே ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிஷம். "ஸ்டூலை விரிச்சு மடக்கவே நேரம் சரியா இருக்கு" என்று முதல் மாதம் போனில் சிரித்தான். மனசு சரியில்லை என்று வருகிறவர்களுக்கு நகரத்து மனநல மருத்துவர் பெயரை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்த மருத்துவரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருக்கவேண்டும். குளிர்காலத்தில் அப்படி எழுதிக் கொடுத்து அனுப்பிய ஒரு பால்பண்ணைக்காரர் ஐந்து மாதம் காத்திருக்கவில்லை. தொழுவத்தில் கண்டெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு லைல் கிளினிக்குக்குப் போகவில்லை. இப்போது மாமாவின் படகுக் கடையில் இருக்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

என் அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நான் வராத அந்த வருஷம் தனியாகப் போனதுதான் அவருடைய கடைசி வேட்டை. அதனால் அதற்கடுத்த சீசனில் லைலின் பாக்கி எனக்குத் தேவைப்படவில்லை. போன நவம்பரில் மான் சீசன் தொடங்கிய விடியலில் எனக்கு டியூட்டி விழுந்தது. மாற்றிக்கொள்ள யாரையும் கேட்கவில்லை. லைல் ஹாகன் எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு நாள் இன்னும் பாக்கி இருக்கிறது.