நான்கு தண்ணீர்

ஹுவாய் ஆற்றங்கரை ஊரில் எள்ளு ரொட்டி சுட்டு விற்கும் துவான் ஷௌலினுக்குப் பேராசை என்று ஒன்று இருந்ததென்றால், அது பிள்ளைக்குப் பேர் வைத்ததில் மட்டும்தான். பிறந்த நேரத்தைக் கணித்த சோசியர், "இவனுக்குத் தண்ணி கொறைவு. பேர்ல சேர்த்துடு" என்றார். தண்ணீரைக் குறிக்கும் எழுத்தை மூன்றாக அடுக்கிய ஓர் எழுத்தையும் எழுதிக் காட்டினார். ஷௌலின் விடவில்லை.

"நாலு அடுக்கினது இருக்கா, ஐயா?"

இருந்தது. யாரும் புரட்டாத பழைய அகராதி ஒன்றில் கிடந்தது. 'மன்' என்று படிக்க வேண்டும். குரல் மேலிருந்து சட்டென்று விழ வேண்டும். கரை புரளும் பெருவெள்ளம் என்று பொருள்.

ஊரில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. பையன் வகுப்பு மாறும்போதெல்லாம் ஷௌலின் சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு போய் வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுப்பார். "மன், சார். பெருவெள்ளம்னு அர்த்தம்." அப்போது அந்த அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மனைவி சாய்யுன் மட்டும் மசியவில்லை. கண் படாமல் இருக்க வைத்த செல்லப் பேர்தான் அவளுக்கு.

"உங்கப்பன் எழுத்தைக் கரைச்சுக் குடிக்கட்டும். நீ சாப்பிட வாடா, நாய்க்குட்டி."

பதினைந்து வயதில், மழைக்காலத்தில், கூட்டாளிகளோடு குளிக்கப் போனவனை ஆறு இழுத்துக்கொண்டது.

அதன்பிறகு ஊரே அந்தப் பேரைப் பிசகில்லாமல் சொன்னது. "நாலு தண்ணியைக் கேட்டு வாங்கினவன்தானே!" பாவிகள், அவர் காதுபடவே பேசினார்கள். சாய்யுன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. பொழுது சாயும்போது அவள் ஆற்றங்கரையில் நின்று, மகனின் உயிர் வீடு திரும்பட்டும் என்று கூப்பிடுவாள். "சாப்பிட வாடா, நாய்க்குட்டி!"

கல்லறைக் கல்லுக்காக அந்த எழுத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனார் ஷௌலின். கல் கொத்துபவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் கண்டதே இல்லையே, அண்ணே. எப்படிப் படிக்கிறது? என்ன அர்த்தம்?"

இத்தனை வருடமும் அவர் ஆசை ஆசையாகப் பதில் சொன்ன கேள்வி. காகிதத்தை வாங்கிக் கசக்கினார்.

"நாய்க்குட்டின்னு வெட்டிடுங்க."

"கல்லுல யாராவது செல்லப் பேரைப் போடுவாங்களா? ஊர் சிரிக்கும்ணே."

"சிரிக்கட்டும். எம்புள்ள தலைமேல இனிமே ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம்." கல் தூசியிலேயே உட்கார்ந்து அழுதார். "அவங்கம்மா அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா. வர்றவன் குழம்பிடக் கூடாது."