இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு

என் வீட்டுக்காரருக்குத் தொழிலில் 'காது' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கே யாரென்று தெரியாது. "காது வந்தாச்சா?", "காது கேட்டுச் சொல்லட்டும், அப்புறம் அனுப்பலாம்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. மரியாதை என்று பிறகு புரிந்தது. அந்த மரியாதை மெல்ல மெல்ல இவருடைய தலைக்கு ஏறியதையும் கூடவே இருந்து பார்த்தேன்.

பாட்டுப் பதிவில் கடைசிக் கட்டம் இவருடையது. பாடி, வாசித்து, எல்லாவற்றையும் கலந்து முடித்த பிறகு இவரிடம் வரும். எங்கே கனம் கூடிவிட்டது, எங்கே கூர்மை குறைகிறது என்று கேட்டுக் குமிழ்களைத் திருகிச் சரிசெய்வார். பழைய பதிவுகளைத் தூசி தட்டி மறுபடி வெளியிடும்போதும் இதே வேலைதான், அதற்கு ரீமாஸ்டர் என்று பெயர். சத்தத்தில் எது எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டும் திரை ஒன்று அவர் அறையில் உண்டு. அதன் மேல் எப்போதும் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருப்பார். "பாட்டைக் கண்ணால கேக்கறவனுக்கு இங்க இடமில்ல" என்பார். வருகிறவர்கள் இதைக் கேட்டு மெய்மறந்து போவார்கள். அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போடுகிறவள் நான். எனக்கு மெய் ஒன்றும் மறக்கவில்லை.

பேத்திக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மகள் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். இவர் மடியில் உட்காரவைத்து, அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துக் கையை அழுத்திப் பிடித்திருந்தார். அது கீச்சுக் கீச்சென்று கத்தியது சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. கத்தி ஓய்ந்தும் போனது. இவர் அசையவில்லை.

"தாத்தா, கத்திருச்சு" என்றது குழந்தை.

"இன்னும் இல்லம்மா. ஆடாம இரு."

பிள்ளை தூங்கியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துருவோமா?"

"என் காதையா?"

"வேற யாரோடதை?"

"தெர்மாமீட்டர்ல பேட்டரி மட்டமா இருக்கும். மாத்து."

"பேட்டரி மட்டம்னா எனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

டிவியை நிறுத்தினார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. "நான் ஒரு காது டாக்டர் படி ஏறினா போதும். மறுநாளே எல்லாருக்கும் தெரிஞ்சுரும். அதோட என் கதை முடிஞ்சுது. புரியுதா?" என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. இவருக்கும் முன்பே தெரியும் என்பதும் சேர்ந்து புரிந்தது.

பேச்செல்லாம் சரியாகத்தான் கேட்டது. உச்சியில் இருக்கும் சன்னமான சத்தங்கள் மட்டும் போயிருந்தன. வயதானால் எல்லோருக்கும் போகிறதுதான். தபால்காரருக்குப் போனால் அவருக்கே தெரியாது, ஒரு தபாலும் நிற்காது. இவருக்குப் போனால் இவரே இல்லை. அந்தப் பயத்தில் மனிதர் இன்னும் விறைப்பாகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த நால்வரின் வேலை வந்தது. இவர் மீசை அரும்பிய வயதில் பைத்தியமாகக் கேட்ட ராக் குழு அது. கம்பெனியே எதிர்பார்க்காத அளவுக்கு அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களும் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தன. பாடகரும் பேஸ் கிடார் வாசித்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கிடார்காரரும் டிரம்மரும் மிச்சம். மூல டேப் ஒரே ஒரு செட்தான் உலகத்தில் இருந்தது. அதிலிருந்து புது டேப்புக்கு நேராக, நடுவில் கம்ப்யூட்டர் தொடாமல், 'காது' கையால் மாற்றப்போவதாகக் கம்பெனி விளம்பரம் செய்தது. ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இவரும் வீட்டுக்குள் கொஞ்சம் ஆடினார், நான் பார்க்காத நேரத்தில்.

பழைய டேப் லேசான காரியமில்லை. சத்தம் பதிந்திருக்கும் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை வருஷக்கணக்கில் இளகிப்போகும். மிதமான சூட்டில் மின்னடுப்புக்குள் வைத்து எடுத்தால் பசை கொஞ்சம் இறுகும், டேப் சிறிது ஓடும். அதிகம் ஓட்டினால் பூச்சு பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் உதிர்ந்ததுதான், பாட்டே போயிற்று. அதனால்தான் கம்பெனி மேனேஜர் வேலை தொடங்கும் நாளன்று காலையிலேயே கேட்டிருக்கிறார்: "சார், முதல் ஓட்டத்துலயே எதையும் திருகாம அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சுரலாமா? ஒரு பாதுகாப்புக்கு."

"நான் இருக்கும்போது பாதுகாப்பு எதுக்குய்யா?" என்றாராம் இவர்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். அன்று எனக்கு அரை நாள் வேலை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனபோது முதல் ஓட்டம் தொடங்கவிருந்தது. கிடார்காரர் காதுகளில் இருந்த மெஷின்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ராக் வாசிச்சவன் மெஷின் மாட்டிட்டா பாட்டு கேப்பான்?" என்று சிரித்தார். டிரம்மர் வாழ்நாள் முழுக்கச் சிம்பல் என்கிற பித்தளைத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர். நான் வணக்கம் சொன்னதற்கு, "சாப்பிட்டேன்மா" என்றார். இவர் துண்டு போர்த்திய திரைக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, குமிழ்களில் விரல் வைத்து உட்கார்ந்தார். மூன்று பேர் முகத்திலும் அப்படியொரு பக்தி.

டேப் ஓடியது. அந்தப் பித்தளைத் தட்டுச் சத்தம் வந்ததும் எனக்குப் பின்கழுத்து சிலிர்த்தது. நாள் முழுக்கப் பல் துளைக்கிற சத்தத்தில் குப்பை கொட்டுகிறவள் நான். அதுவே தேவலை என்று இருந்தது.

"சிம்பல் எங்கய்யா?" என்றார் டிரம்மர். "போர்வைக்குள்ள அடிச்ச மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு வேணும்."

"கரெக்ட்" என்றார் கிடார்காரர். "என் கிடாரும் மங்கிக் கெடக்கு. தூக்கி விடு."

இவர் முகம் மலர்ந்துபோயிற்று. "எனக்கும் அதேதான் தோணுச்சுண்ணே. நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

வாயைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. "ரொம்ப அதிகமா இருக்குங்க" என்றேன். "எனக்குப் பல்லே கூசுது. இதுக்கு மேல ஏத்தினா யாரும் கேக்க முடியாது."

கிடார்காரர் உரக்கச் சிரித்தார். "இது தாலாட்டு இல்ல தங்கச்சி, ராக்!" டிரம்மருக்கு நான் சொன்னது கேட்கவில்லை, கிடார்காரர் சிரித்ததைப் பார்த்துத் தானும் சிரித்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் நாற்பதைத் தாண்டாதவர், அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை என் எதிரிக்கும் வரக்கூடாது. "சாப்பாட்டை வச்சுட்டுக் கிளம்பு" என்றார்.

இரண்டாவது ஓட்டத்தைத்தான் புது டேப்பில் பதிந்தார்கள், இன்னும் பளிச்சென்று, பாட்டுக்குப் பாட்டு கைபோன போக்கில் ஏற்றி. முடிந்தபோது இயந்திரத்தைச் சுற்றிப் பழுப்புப் பொடி கொட்டிக் கிடந்ததாம். இரண்டு பெரியவர்களும் இவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். இவர் வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை. மகள் வந்து பஞ்சாயத்து செய்து, உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியது.

ஆல்பங்கள் வெளிவந்தன. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். தலைவலி வந்ததாக எழுதினார்கள். பாட்டைப் போட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். மகள் அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். இவர் மட்டும், "மட்டமான ஸ்பீக்கர் வச்சிருக்கானுங்க" என்றார். கடைகளிலிருந்து கம்பெனி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டபோது ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

பிறகு ஒரு நாள் மேனேஜர் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்தார். வேறு கம்பெனியில் இதே வேலை பார்ப்பவள், தடித்த கண்ணாடி போட்டவள், இவரிடம் பேசப் பயந்துகொண்டே பேசினாள். மூல டேப்பை மறுபடி சூடாக்கிப் பார்த்தார்களாம், பூச்சு போய்ப் பாட்டு பாதிக்குமேல் இல்லை. பழைய இசைத்தட்டுகளை வைத்துப் பார்த்தாளாம், அந்தக் காலத்தில் வீட்டுச் சின்ன ரெக்கார்டு பெட்டிகளுக்காக வெட்டிக் குறைத்த சத்தம், உதவவில்லை. இவர் பதிந்த டேப் ஒன்றுதான் மிச்சம்.

"எந்தப் பாட்டுக்கு எவ்ளோ ஏத்தினீங்கன்னு குறிப்பு இருக்கா சார்?"

"குறிப்பெல்லாம் வைக்கறதில்ல. காதுக்குச் சரியா வர்ற வரைக்கும் ஏத்துவேன்."

"அப்படின்னா ஒரே வழிதான் சார் இருக்கு. உங்க காதுல எது எவ்ளோ குறைஞ்சிருக்கோ, அதைத்தான் பாட்டுல சேத்திருக்கீங்க. அதை அளந்துட்டா அப்படியே கழிச்சுரலாம்."

இவர் எழுந்து நின்று கத்தினார். யார் வீட்டில் வந்து யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய் என்று கத்தினார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். "உங்களைக் குத்தம் சொல்ல வரல சார். பாடினவர் இப்ப இல்ல. அவர் குரல் இதுல மட்டும்தான் இருக்கு. இது இப்படியே போனா, இனிமே யாருக்கும் அது கிடைக்காது" என்றாள்.

அவர்கள் போன பிறகு இவர் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தன் பெயரை அவர் தன் கையாலேயே அழிக்க வேண்டும், அதை நான் எந்த வாயால் 'செய்யுங்க' என்று சொல்வது? மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, "நீயும் கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அறையிலேயே, அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தாள். திரையில் துண்டு இல்லை. ஒவ்வொரு சத்தமாக விடுவாள், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கனமான சத்தங்களுக்கெல்லாம் டக்கு டக்கென்று தூக்கினார். சத்தம் மேலே போகப் போக விரல் தயங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, ஊசி போல மெலிசாக, அறை முழுக்க. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் விரல் தொடையில் கிடந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். எனக்குக் காது வலித்தது. அந்தப் பெண்ணே கண்ணைச் சுருக்கினாள். அவர் கவனமாகத் தலையைச் சாய்த்து, அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அந்த விரலை நானே தூக்கிவிடலாம் போல இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழுகையை நான் அடக்கியதில்லை.

அவள் சொன்னபடியே கழித்தாள், பாட்டும் மீண்டுவிட்டது. இசைத்தட்டு அச்சடிக்கும்போது ஏதோ தவறு நடந்துவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. வெளியுலகத்துக்கு அது போதும். தொழிலில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? வேலை என்று ஒருவரும் கூப்பிடவில்லை. அறையைக் காலிசெய்து கொடுத்தார். புது ஆல்பங்கள் வீட்டுக்கு வந்தபோது இருவரும் உட்கார்ந்து கேட்டோம். பாடகரின் குரல் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

"சிம்பல்?"

"இருக்கு. மழை ஓஞ்சப்புறம் இலையிலேருந்து சொட்டுற மாதிரி இருக்கு."

தலையை ஆட்டினார். தனக்கு என்ன கேட்டது என்று சொல்லவில்லை.

கிடார்காரர் போன் செய்தது அதற்குப் பிறகுதான். அவருக்குச் சத்தமாகப் பேசினால்தான் கேட்கும் என்பதால், அவரும் உலகத்தோடு அப்படியே பேசுவார். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"தம்பி! நாசம் பண்ணிட்டாளேய்யா! சிம்பல் இல்ல, கிடார் இல்ல, எல்லாம் செத்துக் கெடக்கு! நீ போட்டதுதான் பாட்டு! கம்பெனிமேல கேஸ் போடறேன், நீ வந்து சாட்சி சொல்லு. உன் காதை மிஞ்ச ஆளே கிடையாதுய்யா!"

இவர் போனைப் பிடித்தபடி நின்றார். அந்த வார்த்தைக்காக இத்தனை மாதம் இவர் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இல்லண்ணே" என்றார். "அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி. பாட்டு நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் காது போயிருச்சு."

"என்ன? என்ன சொல்ற? கேக்கல!"

"நமக்குக் காது போயிருச்சுண்ணே!"

"சத்தமா சொல்லுய்யா!"

என்னிடம்கூட ஒரு தடவை சொல்லாத மனிதர், அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். மூன்றாவது தடவை பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. நான் போனை வாங்கி, மிச்சத்தைக் கத்திச் சொன்னேன்.