வேறு வழியில்லாதவர்களின் வகுப்பு

காலையில் என் உரக்கடைக்கு வந்த பெரியவர், கேட்ட மருந்து இல்லையென்றதும், "வேற வழியில்லீங்க, இருக்கறதையே குடுங்க" என்றார். என் வாய் சும்மா இருந்ததா? "எந்திரிச்சு நில்லுங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் நின்றுகொண்டுதான் இருந்தார். "ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று என்னையே விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, பழைய வியாதி. எருத்தேன்பதியில் யூரியா விற்கும் நான் ஒரு காலத்தில் வண்டன்மேட்டில் தத்துவ வாத்தியார். மாடியில் பாரலல் காலேஜ் என்று ஒரு தனியார் டுடோரியல், கீழே ஏலக்காய்க் கிடங்கு. பலகைத் தரையின் இடுக்கு வழியாக வாசனை ஏறி வரும். இன்றைக்கும் பாயசத்தை வாயருகே கொண்டுபோனால் எனக்கு இருத்தலியல்தான் ஞாபகம் வருகிறது. அப்புறம் எங்கே குடிப்பது?

மனிதன் தன்னைத் தானே தேர்ந்தெடுக்கிறான், 'வேறு வழியில்லை' என்பது அவன் தனக்கே சொல்லிக்கொள்ளும் பொய். பாடம் இவ்வளவுதான். வெறுமனே சொன்னால் மண்டையில் ஏறுமா? 'வேறு வழியில்லை' என்கிறவர் எழுந்து நிற்கவேண்டும் என்று வகுப்பில் சட்டம் போட்டேன். எல்லாம் எஸ்டேட் பிள்ளைகள். மழைக்கும் அட்டைக்கடிக்கும் வராத பஸ்ஸுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே பேச்சுதான். பாதி நேரம் வகுப்பே நின்றுகொண்டிருக்கும்.

மொத்தமே ஐந்து பேர். "அஞ்சு பேர் இல்லெங்கில் க்ளாஸ் இல்ல மாஷே" என்று பிரின்சிபால் முதலிலேயே சொல்லியிருந்தார். வகுப்பு இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை.

ஐவரில் கெட்டிக்காரி ஸ்டெல்லா, ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "நர்சிங் போறேன் சார்" என்றாள்.

"அப்பா முடிவு பண்ணிட்டாராம்மா?" என்று ஆசையாகக் கேட்டேன். ஆமாம் என்றால் பாடத்தை வைத்தே மடக்கிவிடலாமே.

"அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நானே முடிவு பண்ணினேன். நீங்கதான சார் சொல்லிக்குடுத்தீங்க."

படுபாவி, பாடத்தைக் கவனித்திருக்கிறாள். "நீ போனா வகுப்ப மூடிருவாங்க. நானும் ஊட்டுக்குப் போகோணும், வேற வழியில்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எந்திரிச்சு நில்லுங்க சார்."

நின்றேன். மற்ற நால்வரும் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள், பாவம்.

அவள் போனாள், வகுப்பும் போனது. வேறொரு கல்லூரியில் என்னைக் கூப்பிடத்தான் செய்தார்கள். நான் போகவில்லை. அப்பாவின் கடையைப் பார்க்க ஆளில்லை, வேறு வழியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை. இப்போது அந்தக் கட்டடத்தை இடித்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டியிருக்கிறார்களாம். ஸ்டெல்லா எந்த நாட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாளோ, தெரியாது. எழுப்பி நிறுத்த ஆளில்லாமல் நான் இந்தக் கடை நாற்காலியிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.